சாயர்புரத்துப் புலவரும் புதுக்கோட்டைப் பெட்டிக்காரரும்

தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து வரும் கண்டெய்னர் லாரிகள் வழிவிட்டால், திருநெல்வேலி சாலையில் அரை மணிக்குள் புதுக்கோட்டை வந்துவிடும். தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டை வேறு. இது டீக்கடைகளும் உரக்கடைகளும் பேருந்து நிறுத்தமும் கொண்ட சாலையோர ஊர். இங்கிருந்து தெற்கே பிரியும் சாலை சாயர்புரம் போகிறது. அந்தச் சாலையின் இருமருங்கிலும் உள்ள ஊர்களில் அசனமோ, கல்யாணமோ, துக்கமோ எது நடந்தாலும் ஆர்மோனியப் பெட்டியோடு வந்து உட்கார்ந்துவிடும் ஒருவரைப் பல வருடங்களாக எல்லோருக்கும் தெரியும். பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. ‘பெட்டிக்காரர்’ என்றால் போதும்.

கிறிஸ்தவ சபைகளில் பாட்டு இரண்டு வகை. ‘பாமாலை’ என்பது ஆங்கில, ஜெர்மானிய ஞானப்பாடல்களைத் தமிழில் பெயர்த்து அதே மெட்டில் பாடுவது. அதற்கு ஆர்கன் வேண்டும், நாலு குரல் பிரித்துப் பாடத் தெரிந்த பாடகர் குழுவும் வேண்டும். ‘கீர்த்தனை’ இந்த மண்ணின் ராகத்திலும் தாளத்திலும் கட்டியது. அதற்கு ஆர்மோனியமும் தபேலாவும் ஜால்ராவும் போதும், கேட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து பாடலாம். திருநெல்வேலியில் 1774இல் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, தஞ்சாவூரில் புகழடைந்த வேதநாயகம் சாஸ்திரியார் போட்டுக் கொடுத்த பாதை அது. பெட்டிக்காரரின் பிழைப்பும் உயிரும் இந்த இரண்டாம் வகையில்தான்.

ஆனால் அவர் தன் வாழ்நாளில் அதிகம் வாசித்த பாட்டு, கண்டிப்பாகச் சொன்னால், கீர்த்தனையே இல்லை. பல்லவி இல்லை, அனுபல்லவி இல்லை. நாலு நாலு அடியாக வரும் செய்யுள். ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை எழுதிய ‘சத்தாய் நிஷ்களமாய்’ என்ற பாட்டு அது. தென் தமிழ்நாட்டில் அதைக் கேட்காமல் வளர்ந்த சீர்திருத்தக் கிறிஸ்தவர் யாரும் இருக்க முடியாது.

அந்தப் பாட்டைத் தன் தொழிலின் உரைகல் என்று அவர் நினைக்கிறார். புதிதாகப் பெட்டி பழக வருகிற பையன்களிடம் அவர் முதலில் கையை வைக்கச் சொல்வது கட்டைகளில் அல்ல, இந்தப் பாட்டு அச்சான பக்கத்தில். சந்தி பிரித்து உரைநடையாக ஒரு தரம் படிக்க வேண்டும். அடுத்து சந்தி சேர்த்துப் படிக்க வேண்டும். பிறகு மெட்டில்லாமல் சந்தத்தோடு சொல்ல வேண்டும். நாலாவதாகத்தான் சுருதி. “அர்த்தம் தெரியாம ரீடை அமுக்குனா காத்துதாம்ல வரும், பாட்டு வராது” என்பார். இப்படிக் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. பாட்டின் இரண்டாம் சொல்லையே பாதிப் பேர் தவறாகப் பாடுகிறார்கள். களங்கம் இல்லாதவர் என்று நினைத்துக்கொண்டு ‘நிஷ்களங்கமாய்’ என்று ஆக்கிவிடுகிறார்கள். கவிஞர் சொன்னது அதுவல்ல. பகுக்க முடியாத, உருவத்துக்குள் அடங்காத பரம்பொருளைச் சைவ சித்தாந்திகள் எந்தச் சொல்லால் சுட்டினார்களோ, அந்தச் சொல்லையே எடுத்துக் கிறிஸ்தவத் திரித்துவத்துக்குச் சூட்டினார். சத்து, சித்து, ஆனந்தம் என்ற வேதாந்த மூன்றையும் முதல் இரண்டு அடிக்குள் கொண்டுவந்து வைத்தார். வங்காளத்தவரான பிரம்மபாந்தவ் உபாத்யாய் இதே சச்சிதானந்தத்தைத் திரித்துவமாகப் போற்றி வடமொழியில் பாட்டு எழுதியது 1898இல். அதற்கு முன்பே தாமிரபரணிக் கரைத் தமிழர் ஒருவர் தமிழில் அதைச் செய்து முடித்திருந்தார்.

இதைப் பெட்டிக்காரர் சொல்லும்போது அவர் குரலில் பெருமை தெரியும். அது நியாயமான பெருமைதான்.

கிருஷ்ண பிள்ளை 1827 ஏப்ரல் 23 அன்று, திருநெல்வேலிக்குப் பக்கத்துக் கரையிருப்பில், வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை சங்கரநாராயண பிள்ளை கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். அந்த வீட்டில் கம்பனைக் கேட்டே மகன் வளர்ந்தார். இலக்கணத்தைத் திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் கற்றார். இருபத்தாறு வயதில், 1853இல், தமிழாசிரியர் வேலைக்குக் கால்டுவெல் அவரைத் தேர்ந்தெடுத்தார். வேலை கிடைத்த இடம் சாயர்புரம்.

சாயர்புரம் அப்போது செம்மண் தேரிக்கும் பனைக்கும் நடுவே புதிதாக முளைத்த ஊர். சாமுவேல் சாயர் என்ற வணிகர், ஊரில் இடம் மறுக்கப்பட்ட கிறிஸ்தவர்களுக்காக நிலம் வாங்கிக் கொடுத்ததால் அவர் பெயர் நின்றது. 1842இல் அங்கே ஓர் இளம் ஆங்கிலேயர் வந்து பள்ளியையும் செமினரியையும் கட்டி எழுப்பினார். அவர்தான் ஜி. யு. போப். போப் ஊரை விட்டுப் போய்ச் சில ஆண்டுகள் கழித்தே கிருஷ்ண பிள்ளை வந்தார், ஆகவே இருவரும் அங்கே ஒன்றாக வேலை செய்யவில்லை. ஆனாலும் பெட்டிக்காரர் தன் மாணவர்களுக்கு இந்த இருவரையும் சேர்த்தே சொல்வார். கிருஷ்ண பிள்ளை கண்மூடியது 1900 பிப்ரவரி 3. அதே 1900இல்தான் போப்பின் திருவாசக மொழிபெயர்ப்பு ஆக்ஸ்போர்டில் வெளிவந்தது. சாயர்புரத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்ன ஆங்கிலேயக் குரு முதுமையில் மாணிக்கவாசகரிடம் போய்ச் சேர்ந்தார். அதே பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்ன வைணவப் புலவர் கிறிஸ்துவிடம் போய்ச் சேர்ந்து, அவரைத் தேவாரத்தின் சந்தத்தில் பாடினார். ஒரே சிற்றூர் தமிழுக்கு இப்படி இரண்டு பேரைக் கொடுத்தது.

வேலைக்கு வந்தபோது கிருஷ்ண பிள்ளை கிறிஸ்தவத்தை ஏற்கும் மனநிலையில் இல்லை. எதிர்த்து வாதாடியவர். தனக்கோடி ராஜு போன்ற நண்பர்களோடு பேசிப் பேசி, நூல்களைப் படித்துப் படித்து, சில வருடம் உள்ளுக்குள் போராடித்தான் முடிவுக்கு வந்தார். 1858 ஏப்ரல் 18 அன்று சென்னை மயிலாப்பூரில் ஞானஸ்நானம் பெற்று ஹென்றி ஆல்பிரட் ஆனார். அந்தக் கதையைப் பின்னாளில் தானே எழுதியும் வைத்தார். அதன் பின் சென்னையில் பத்திரிகைப் பணி, சாயர்புரம், பாளையங்கோட்டை, திருவனந்தபுரம் என்று ஆசிரியப் பணி. இடையில் ஜான் பனியன் சிறையிலிருந்த காலத்தில் எழுதத் தொடங்கி 1678இல் வெளியான ‘மோட்சப் பிரயாணம்’ அவரைப் பிடித்துக்கொண்டது. அதைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியத்தை 1878இல் தொடங்கிப் பதினான்கு ஆண்டு எழுதினார். ‘நற்போதகம்’ இதழில் பகுதி பகுதியாக வந்து, 1894இல் நூலாயிற்று. ஐந்து பருவம், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டு. கிறிஸ்தவக் கம்பர் என்று அவரைச் சொல்வது இதை வைத்துத்தான்.

காப்பியம் விருத்தத்தில் போகும். ஆனால் யாத்திரிகன் தவித்து நிற்கும் இடங்களிலும் மகிழும் இடங்களிலும் கதையை நிறுத்திவிட்டு ஓர் இசைப்பாட்டு வரும். அவற்றுக்குக் கிருஷ்ண பிள்ளை வைத்த பெயரே ‘தேவாரம்’. சபையார் மனப்பாடமாகப் பாடும் அந்தப் பாட்டு அப்படிப் பிறந்ததுதான். காப்பியத்தைக் கையில் தொட்டவர்கள் சபைக்கு ஒருவர் தேறுவது கடினம். அதிலிருந்து கழன்று வந்த இந்தப் பாட்டோ உப்பளத் தொழிலாளி வாயிலும் கல்லூரிப் பேராசிரியர் வாயிலும் ஒன்றுபோல இருக்கிறது.

அது எப்படி? பெட்டிக்காரரின் பதில் தொழில் தெரிந்தவரின் பதில். சுந்தரர் திருமழபாடியில் பாடிய ‘பொன்னார் மேனியனே’ பதிகத்தை வாசித்துப் பாருங்கள், அதே விரலோட்டத்தில் இதையும் வாசிக்கலாம் என்கிறார். சந்தம் ஒன்று. கட்டும் ஒன்று. ஒவ்வொரு நாலடிப் பாட்டிலும் மூன்றடி ஒரு நிலைமையைச் சொல்லும், நாலாம் அடி உன்னை விட்டால் எனக்கு யார் என்று போய் முட்டும். அந்த நாலாம் அடிதான் பல்லவியின் வேலையைச் செய்கிறது. புத்தகம் இல்லாதவனும் எழுத்துத் தெரியாதவளும் மூன்றடி வரை காத்திருந்து நாலாவதில் சேர்ந்துகொள்வார்கள். தமிழ்க் காது ஆயிரம் வருடத்துக்கு மேலாகப் பழகிய முறை இது. வைணவராகப் பிறந்து கிறிஸ்தவரான ஒருவர் சைவ நாயனாரின் சந்தத்தை எடுத்தாண்டார், யாரும் அதை இரவல் என்று நினைக்கவில்லை. வீட்டுப் பண்டத்தை எடுப்பதுபோல எடுத்தார்.

வாசிக்கும் முறைக்கு வருவோம். ஆண்கள் ஒரு கட்டையில் பாடுவார்கள், பெண்களுக்கு ஐந்து கட்டை வேண்டும். இரு பாலரும் சேர்ந்து பாடும் சபைக்கு அவர் இரண்டு அல்லது இரண்டரைக் கட்டையில் சுருதி வைக்கிறார். அடியின் நடுவில் ஒரு மூச்சு, முடிவில் ஒரு மூச்சு. அவ்வளவுதான் அனுமதி. மெதுவாகப் போக வேண்டும், ஆனால் இழுக்கக் கூடாது. இப்போது கீபோர்டில் ஒரு பித்தானை அமுக்கினால் தாளம் தானாக ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் இதைப் பாடும்போது நீண்ட தொடர்கள் இடம் தவறி உடைகின்றன. சொல்லின் பாதி ஒரு தாளத்திலும் மீதி அடுத்ததிலும் விழுகிறது. கேட்கிறவனுக்கு ஓசை எட்டும், வாக்கியம் எட்டாது. கீபோர்டு வேண்டாம் என்று அவர் சொல்வதில்லை. தாளப் பித்தானை மட்டும் தொடாதீர்கள், வெறும் சுருதியைப் பிடித்துக்கொண்டு சபையைப் பாட விடுங்கள் என்கிறார். அவர் சொல்வது சரி என்பதை அறிய ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிக் கேட்டுப் பார்த்தால் போதும்.

பெட்டியைக் காப்பாற்றுவதும் இந்தக் கரையில் தனி வேலை. உப்பளக் காற்றில் பித்தளை ரீடு பச்சை பூக்கும், ஸ்பிரிங் கம்பி துருவேறும், துருத்தி மடிப்பில் காற்று கசியும். ஒரு ரீடு சுருதி இறங்கிவிட்டால் அதன் நுனியை மெல்லச் சுரண்ட வேண்டும், ஏறிவிட்டால் அடியைச் சுரண்ட வேண்டும். கை கொஞ்சம் அழுந்தினால் ரீடு போச்சு. மார்கழி பஜனை முடிந்ததும் அவர் பெட்டியைப் பிரித்து வெயிலில் வைத்துவிடுவார்.

கிறிஸ்தவத் தமிழ் இந்த மாவட்டத்தில் கால் வைக்காத திசை இல்லை. புன்னைக்காயலில் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் அடிகளார் முத்துக் குளிப்பவர்களோடு இருந்து தமிழ் கற்றார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறியது. காமநாயக்கன்பட்டியில் வீரமாமுனிவர் பணி செய்தார். கடற்கரைக் கத்தோலிக்கர்களுக்குப் பனிமய மாதாவின் பாட்டுகள் தனி உலகம். உள்நாட்டுப் பனங்காட்டு ஊர்களுக்கு இந்தத் தேவாரம்.

இனி பாட்டின் உள்ளே. மேடையில் பாடுகிறவர்கள் முதல் பாட்டோடும் கடைசியோடும் நிறுத்திக்கொள்கிறார்கள். கவிஞரின் வாழ்க்கை இருப்பதோ நடுவில். ஒரு பாட்டில், எங்கள் ஆவிக்காக உருகி உயிரைக் கொடுத்ததற்குக் கைம்மாறு ஒன்று உண்டா என்று கேட்கிறார். இன்னொன்றில் பாவத்தைக் கடலாகவும் இறைவனைக் கரைசேர்க்கும் புணையாகவும் பாடுகிறார். வள்ளத்தில் போன மகன் திரும்பாத வீட்டில் அந்தப் பாட்டை வாசிக்கும்போது பெட்டிக்காரருக்குத் துருத்தியில் கை நிற்பதில்லை. வேறொன்றில் தாய், தந்தை, சுற்றம், குரு, செல்வம், நட்பு என்று வரிசையாக எண்ணி, எல்லாம் நீயே என்கிறார். பக்திப் பாட்டில் வழக்கமாக வருகிற அடுக்குத்தானே என்று தாண்டிவிடலாம். மதம் மாறியவனை உறவும் ஊரும் தள்ளிவைத்த காலத்தில் மாறியவர் எழுதியது என்று நினைத்துப் படித்தால் அந்த வரிசை வேறாகத் தெரியும். அவர் எண்ணுவது, ஒருவன் இழந்துவிடக் கூடியவை அத்தனையையும்.

பிறகு வருகிறது சாவைப் பற்றிய பாட்டு. கண் இருண்டு, காது கேளாமல், வாய் குழறி, கோழை அடைத்து மூச்சு ஒடுங்கும் அந்த நாளை மருத்துவர் எழுதுவதுபோல உறுப்பு உறுப்பாக எழுதியிருக்கிறார். நோயாளி வீட்டு ஜெபங்களில் இந்தப் பாட்டை மட்டும் விட்டுவிடுவது சுற்றுவட்டாரத்தில் எழுதாத வழக்கம். பெட்டிக்காரரும் தம் ஆசான் காட்டியபடி அதை விட்டே வாசித்து வந்தார். படுக்கையில் கிடக்கிறவர் காதில் இதைப் போய்ப் பாடுவதா என்பது நியாயமான கேள்விதான்.

அந்த வழக்கத்தை மாற்றியவர் ஒரு கிழவி. வாழ்நாள் முழுக்க உப்பளத்தில் வேலை பார்த்தவர். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைத் தின்றுவிடும் என்பது தூத்துக்குடியில் எல்லோரும் அறிந்தது. அந்தப் பாட்டிக்கும் கடைசியில் பார்வை மங்கியே போயிற்று. படுக்கையில் விழுந்த பின் உபதேசியாரோடு பெட்டிக்காரரும் ஜெபத்துக்குப் போனார். வழக்கம்போல அந்தப் பாட்டைத் தாண்டி அடுத்ததற்குப் போனதும், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் திரும்பினார்.

“எய்யா, அந்த அடிய ஏன் விட்டுட்டுப் போறிய?”

யாருக்கும் பதில் வரவில்லை. மகள் மட்டும், “ஆத்தா, அது வேண்டாம்” என்றாள்.

“எனக்கு ஏற்கெனவே கண்ணு இருட்டிட்டு. மிச்சத்தையும் பாடுங்க. அதுக்குப் பொறவு என்ன சொல்லுதாருன்னு கேக்கணும்லா.”

அவருக்குத் தேவைப்பட்டது நாலாம் அடி. மூச்சு அடங்கும் நேரத்தில் உன்னை அல்லாமல் யார் துணை என்று முடியும் அடி. முதல் மூன்று அடியைப் பாடாமல் அந்த நாலாவதற்குப் போக முடியாது என்பது எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பாட்டிக்குத் தெரிந்திருந்தது. பெட்டிக்காரர் வாசித்தார். பாட்டி நாலாம் அடியில் சேர்ந்து பாடினார். அன்றிலிருந்து நோயாளி கேட்டால் அந்தப் பாட்டை அவர் விடுவதில்லை, கேட்காத இடத்தில் வலிந்து பாடுவதுமில்லை. அடக்க ஆராதனைகளிலோ முழுதாகவே வாசிக்கிறார்.

உலகத்தில் நிலைத்த பாட்டுகள் பலவற்றுக்கு இந்தத் துணிவு உண்டு. இங்கிலாந்தின் டெவன் கடற்கரையில் பிரிக்ஸம் என்ற மீன்பிடித் துறைமுகம். அங்கே குருவாக இருந்த ஹென்றி பிரான்சிஸ் லைட், காசநோயில் இறந்த 1847ஆம் ஆண்டோடு சேர்த்துப் பேசப்படும் பாட்டு ‘அபைட் வித் மீ’. டில்லியில் குடியரசு தின விழாவின் நிறைவான படை திரும்பும் நிகழ்ச்சியில் 2022இல் நீக்கப்படும் வரை இசைக்காத ஆண்டு அரிது. அந்தப் பாட்டும் கண் மூடும் வேளையை நேராகப் பார்த்துப் பாடுகிறது. லைட் பொழுது சாயும் நேரத்தைச் சாவுக்கு உவமையாக்கினார். கிருஷ்ண பிள்ளை உவமையை நாடாமல் நோயாளியின் தொண்டைக்கே போனார். இரண்டையும் வாசித்த பெட்டிக்காரருக்கு இரண்டாவதுதான் நெருக்கம். அது தாய்மொழி என்பதால் மட்டுமல்ல. படுக்கையருகே உட்கார்ந்து பார்த்தவன் எழுதியது என்று அவருக்குத் தோன்றுகிறது.

அந்தப் பாட்டி போன்றவர்களுக்கு முதல் அடியின் வேதாந்தச் சொற்கள் விளங்கினவா என்று கேட்கலாம். முழுதாக விளங்கியிருக்காது. பெட்டிக்காரர் இதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. விளங்காத பெருமையில் தொடங்கி, விளங்கும் தாய் தந்தைக்கு வந்து, கடைசியில் சொந்த மூச்சில் முடிகிற பாட்டு அது. பாதியை வெட்டினால் அந்த இறக்கம் இல்லாமல் போகிறது. முதல் பாட்டு மட்டும் என்றால் பண்டிதரின் தத்துவம்தான் மிஞ்சும், கிருஷ்ண பிள்ளை என்ற மனிதர் மிஞ்ச மாட்டார்.

ஆகவே ஆராதனைப் பாட்டு வரிசையை எழுதுகிறவர்களிடம் அவர் கேட்டுக்கொள்வது ஒன்றே. எண்ணுக்குப் பக்கத்தில் ‘முதல், கடைசி’ என்று குறிக்காதீர்கள். வாரம் தவறினாலும் மாதத்துக்கு ஒருமுறையாவது எல்லாப் பாட்டையும் பாடுங்கள், பிள்ளைகளுக்குச் சந்தி பிரித்துச் சொல்லிக் கொடுங்கள். மெதுவாகப் பாடினாலும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.